அடிபட்டவர் வேஷம்

“சார், அடிபட்டவர் வேஷத்த எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க சார்.”

சாய்குமார் மைக்கைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினார். மறுபடியும் தமிழ்வாணி. விடிந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடற்கரைக் கிராமமான காரைமுனையில் அன்று புயல் ஒத்திகை. புயல் அடித்தால் அரசாங்கம் எப்படி ஓடிவரும் என்று நடத்திக் காட்ட மதுரையிலிருந்து வந்திருந்த அதிகாரி சாய்குமார். ஒத்திகைக்காகவே அன்று காலையில், பல மழைக்கு அரித்துப்போன சாலையில் கிராவல் கொட்டி நிரவியிருந்தார்கள். தண்ணீர் லாரி வந்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் மருத்துவ முகாம். பக்கத்தில் மாலை போட்ட ஆம்புலன்ஸ்.

“அது தங்கப்பாண்டிக்குன்னு முடிவாயிருச்சும்மா. எப்படிக் கத்துறாரு பாத்தீங்கல்ல? மதுரை வரைக்கும் கேக்கும்.”

“இவரும் கத்துவாரு சார். கோயில் நாடகத்துல ராசா வேஷமே கட்டிருக்காரு. டிவியில மூஞ்சி தெரியணும்னு அம்புட்டு ஆச சார் அவருக்கு.”

“அடுத்த தடவை பாப்போம்மா.”

அதற்குள் குடங்களோடு பெண்கள் லாரியைச் சூழ்ந்துவிட்டார்கள். சாய்குமார் பதறி ஓடினார்.

“குழாயத் தொறக்காதீங்க! தண்ணி குடுக்குற மாதிரி போட்டோ மட்டும்தான். லாரி அடுத்த ஊர் ஒத்திகைக்குப் போகணும்.”

முகாமில் ஒருவர் இருமலுக்கு மாத்திரை கேட்டார். நர்ஸ் சாய்குமாரின் முகத்தைப் பார்த்தாள்.

“மருந்துப் பெட்டியெல்லாம் காலிங்கய்யா. சும்மா பார்வைக்கு வச்சிருக்கோம்,” என்றார் சாய்குமார். “நெசமா சீக்குன்னா அவசர நம்பருக்குப் போன் போடுங்க. ஒத்திகைக்குள்ள வந்து குழப்பாதீங்க.”

தமிழ்வாணி நேராகத் தங்கப்பாண்டியிடம் போனாள். அவன் காதில் ஏதோ சொன்னாள். உடனே அவன் காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

“சார், எனக்குத் தொண்ட கட்டிக்கிருச்சு. இவுக வீட்டுக்காரர் சின்னச்சாமி அண்ணனையே போட்ருங்க.”

மதுரையிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. வாதாட நேரமில்லை.

“சரி, கூட்டிட்டு வாம்மா உன் ராசாவ!”

தமிழ்வாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே ஒவ்வோர் அடியாக வந்தான் சின்னச்சாமி.

“அட, நடையிலயே வேஷத்துக்குள்ள போயிட்டாரே! முகத்துல வேர்வைகூட இருக்கு. தண்ணி தெளிச்சீங்களா?”

“ஆமா சார்,” என்றாள் தமிழ்வாணி.

காலில் கட்டுப் போட்டு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். சின்னச்சாமி மெல்ல முனகினான்.

“கேக்கலையே! சுவர் இடிஞ்சு விழுந்திருக்குய்யா, கொஞ்சம் கத்துங்க. ஏன் வயித்தப் பிடிக்கிறீங்க? உடைஞ்சது காலு!”

தமிழ்வாணி கணவனின் கையை எடுத்துக் காலின் மேல் வைத்தாள். அந்தக் கை திரும்பவும் வயிற்றுக்கே போனது.

“தங்கப்பாண்டியே தேவலை,” என்று சலித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார் சாய்குமார். கூட வரும் மனைவி வேஷத்தில் தமிழ்வாணி பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு பறந்தது. வழியெங்கும் போலீஸ் நின்று மற்ற வண்டிகளை ஓரங்கட்டியது. எப்போதும் நெரிசலான விரகனூர் ரவுண்டானாவில்கூட ஒரு நிமிடம் நிற்கவில்லை. மதுரையில் பெரிய மருத்துவமனை வாசலில் டாக்டர்களும் உயரதிகாரிகளும் டிவிக்காரர்களும் காத்திருந்தார்கள். வண்டி நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

“ஒத்திகை முடிஞ்சதுண்ணே, எந்திரிங்க,” என்று கை நீட்டினார் சாய்குமார்.

சின்னச்சாமி எழுந்திருக்கவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே குனிந்து அவன் அடிவயிற்றில் கைவைத்தார். வாசலே திரும்பிப் பார்க்கும்படி ஓர் அலறல். டாக்டரின் சிரிப்பு நின்றது.

“குடல்வால் வெடிக்கப்போகுது. உடனே தியேட்டருக்குக் கொண்டு போங்க!”

மாலையில் டாக்டர் வெளியே வந்தார். “பிழைச்சுட்டார். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்தான்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழ்வாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சாய்குமாருக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு டிவிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“பாருங்க, எங்க ஒத்திகை ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கு! வேஷம் போட்ட மனுஷனுக்கு வண்டிக்குள்ள நெசமாவே வலி வந்திருக்கு. எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம்!”

தமிழ்வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வலி நேத்தே வந்துருச்சு சார். பொழுதுக்கும் நீங்க சொன்ன அவசர நம்பருக்குத்தான் போன் போட்டோம். உங்க ஊர் ரோட்டுல வண்டி எறங்காதுன்னுட்டாக. இன்னிக்கு ஆட்டோவுல கொண்டுபோகலாம்னா, ஒத்திகை நடக்குதுன்னு போலீஸ் ஒரு வண்டியும் உள்ள விடல.”

“அப்ப என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா?”

“சொல்லியிருந்தா வண்டியில ஏத்தியிருப்பீகளா சார்?”

சாய்குமார் டிவிக்காரரின் மைக்கைக் கையால் பொத்தினார். தமிழ்வாணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு இது நெறமாசம் சார். அடுத்த ஒத்திகை எப்ப வைப்பீக? அதுல பிள்ளத்தாச்சி வேஷம் ஏதும் இருக்கா?”