நீட்டிய கை

வரிசையில் அவள் மூன்றாவது.

எதிரே ஆன்சி இரண்டு கைகளையும் மல்லாத்தி நீட்டிக்கொண்டு நின்றாள். மருதாணி காயக் காத்திருப்பவளைப் போல விரல்களை அகட்டியிருந்தாள்.

விடுதி வார்டன் புவனேஸ்வரி மேடம் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"நீங்க மூணு பேரும் இவகூடப் படுத்து எழுந்திரிக்கிறவங்க. ஒவ்வொருத்தியா முகர்ந்து பாத்துச் சொல்லுங்க."

வராந்தாவில் கருவாட்டு நாற்றம் அடிப்பதாக யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். இது சைவ விடுதி. மதியம் ஆன்சியின் அப்பா வந்து போயிருந்தார். கடற்கரை ஊர்க்காரர். அவர் கொடுத்துவிட்டுப் போன பையைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. அவித்த பனங்கிழங்கு, கருப்பட்டி, ஒரு புதுத் துண்டு.

கருவாடு இல்லை.

"தின்னு முடிச்சிருப்பா," என்றார் மேடம். "கை காட்டிக் கொடுத்துடும்."

காட்டிக் கொடுத்தால் இன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும். விடுதி இல்லாவிட்டால் ஆன்சிக்குக் கல்லூரியும் இல்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"மேடம், அப்பா கிழங்குதான் கொண்டாந்தாவ. அதத்தான் உரிச்சேன்."

"நான் உங்கிட்டக் கேக்கல."

முதலில் ஹம்சவேணி. காலடியில் கிடந்த கிழங்கைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளினாள். குனிவதற்கு முன்பே அவள் முகம் சுளித்துவிட்டது. ஆன்சியின் கைக்கு ஒரு முழம் தள்ளியே மூக்கை நிறுத்திக்கொண்டாள்.

"உவ்வே. அவங்க ஊர்க் கடல் மொத்தத்தையும் ஊத்திக் கழுவினாலும் போகாது மேடம்."

ஜன்னலுக்குப் போய் வெளியே துப்பினாள்.

போன மாதம் இதே பையில் வந்த கருப்பட்டியைப் பல்லால் உடைத்துத் தின்றவள்.

வாசலில் கூடியிருந்த பக்கத்து அறைப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி துப்பட்டாவை மூக்கில் வைத்தாள். பிறகு எல்லோரும் வைத்தார்கள்.

இரண்டாவது தேன்மதி. நன்றாகவே குனிந்தாள். மூச்சை இரண்டு முறை இழுத்தாள். நிமிர்ந்து ஹம்சவேணியைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

"ஆமா மேடம். வருது."

அவள் முறை.

ஆன்சியின் நகக்கண்ணில் கிழங்கு நார் ஒன்று ஒட்டியிருந்தது. நடுவிரலில் பேனா மை. அவள் அந்த விரல்களின் மீதே மூக்கை வைத்து இழுத்தாள்.

வேப்ப எண்ணெய் சோப்பு. அதற்கு அடியில் அவித்த கிழங்கின் மண் வாசனை. கொஞ்சம் வியர்வை.

அவ்வளவுதான்.

மறுபடியும் இழுத்தாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இருந்துவிட்டால் நல்லது என்று தேடினாள்.

போன வாரம் சமூக உளவியல் வகுப்பில் இதே மேடம் பலகையில் கோடுகள் போட்டார். ஒரு பக்கம் ஒரு கோடு, மறுபக்கம் மூன்று. மூன்றில் எது அந்தக் கோட்டின் அளவு என்று ஒரு சோதனையில் கேட்டார்களாம். முன்னால் இருந்தவர்கள், சொல்லிவைத்தபடி, எல்லோரும் ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் கடைசியில் வந்து உட்கார்ந்தவர்களில் பலர், கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, அதையே சொன்னார்கள். இதற்கு இணக்கம் என்று பெயர்.

"அதுகூடவா தெரியாது, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டவள் அவள்தான். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

"என்னடி, தூங்கிட்டியா?" என்றாள் ஹம்சவேணி.

வாசலில் மறுபடியும் சிரிப்பு.

ஆன்சி கெஞ்சவில்லை. விரலில் மூக்குப் பட முகர்ந்தவள் அவள் ஒருத்திதான். அதிலேயே ஆன்சிக்கு நிம்மதி வந்துவிட்டது. தோள்கள் தளர்ந்தன. கைகள் சற்று இறங்கின.

"ஆமா மேடம்," என்றாள் அவள். "நாறுது."

யாரும் வேறெதுவும் கேட்கவில்லை.

மேடம் கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்தார். அதற்கு மட்டும் ஓரடி உள்ளே வந்தார். முகர்ந்த மூவரின் உள்ளங்கைகளிலும் ஊற்றினார். ஒருத்தியும் ஆன்சியைக் கையால் தொட்டிருக்கவில்லை. இருந்தும் தேய்த்துக்கொண்டார்கள். ஹம்சவேணி முழங்கை வரை தேய்த்தாள்.

ஆன்சி மடக்க மறந்த கைகளோடு நின்றுகொண்டிருந்தாள். பிறகு குனிந்து, கிழங்குகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தாள். ஓரத்தில் கிடந்ததை எடுத்துத் துடைத்துப் போட்டாள்.

இருட்டுவதற்குள் ஆன்சியின் பெட்டி ஆட்டோவில் ஏறியது.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். கூடம் முழுக்க அப்பளம் நொறுங்கும் சத்தம். வாசலில் முதலில் துப்பட்டாவை மூக்கில் வைத்த பெண் உருளைக்கிழங்கு வறுவலை மறுபடியும் கேட்டு வாங்கினாள். மேடம் ஒரு வாய் ரசத்தைக் குடித்துவிட்டு, உப்பு குறைவு என்றார்.

கை கழுவும் இடத்தில் தேன்மதி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்குச் சளிடி. ஒரு வாசனையும் தெரியல. ஹம்சா சொன்னாளேன்னு சொல்லிட்டேன்."

குழாயைத் திறந்தாள்.

"உள்ளுக்குள்ள ஒரே உதறல். அப்புறம் நீ மூக்கை வச்சே பாத்துட்டுச் சொன்னியா, அப்பத்தான் மனசு ஆறுச்சு. நிஜமாவே வந்துச்சுல்ல?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேன்மதி கையை நனைக்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"வந்துச்சு," என்றாள் அவள். "இன்னும் குமட்டுது."