மீசை வைத்த நோயாளி

"என்னையத் தனியா உட்டுப்போட்டுப் போயிராதீங்க மாமா" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள் சௌந்திரம்.

கட்டிலில் கிடந்தவர் இமையைத் திறக்கவே சிரமப்பட்டார். முகம் வெளிறி உப்பியிருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிய பாதங்கள் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

"போதுங்க்கா, அழுகை அருமையா வந்துருச்சு" என்று கேமராவை நிறுத்தினான் ஈஸ்வர். "அண்ணா, நீங்க அந்தத் தெர்மாகோலைக் கீழ வைங்க."

படுத்திருந்தவர் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக அட்டையைப் பிடித்து நின்ற நாச்சிமுத்து வலக்கையை உதறிக்கொண்டார். இடக்கை, டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தது. சௌந்திரத்தின் புருஷன் அவர்தான்.

போர்வெல் வண்டி ஓட்டியவர். இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு தடவை திருச்செங்கோட்டுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். தன் கிட்னியில் ஒன்றைக் கொடுக்கச் சௌந்திரம் தயார், பொருந்தியும் விட்டது. ஆபரேஷனுக்குத்தான் கையில் காசில்லை.

யாரோ சொன்னார்கள் என்று, உதவி கேட்டு வீடியோ போடும் ஈஸ்வரை வரவழைத்தாள். வந்தவன் நாச்சிமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஏனுங்க்கா, இந்த மீசைக்கு எவன் பணம் போடுவான்? பாத்தா வட்டி வசூலுக்கு வந்தவராட்ட இருக்காரு."

"அவருக்குத்தானுங்க சீக்கு."

"சீக்கு இருந்தாப் போதுமா? இருக்கறது தெரியோணுமல்லங்க."

மீசையை எடுத்துவிடுகிறேன் என்று நாச்சிமுத்து சொல்லிப் பார்த்தார். எடுத்தால் இன்னும் களையாகிவிடும் என்று அவன் மறுத்துவிட்டான்.

மறுநாள் அவன் கூட்டி வந்தவர்தான் இந்தக் கட்டிலில் கிடந்த கலைமணி. வாழப்பாடிப் பக்கம் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர். போன மாதம் தாடி வைத்துக்கொண்டு இளம்பிள்ளை ஊரில் இருதய நோயாளியாகப் படுத்திருந்தாராம்.

"இவரு வந்தா மேக்கப் செலவே இல்லீங்க்கா" என்று பெருமைப்பட்டான் ஈஸ்வர்.

சௌந்திரத்துக்கு மனசு ஒப்பவில்லை. "இது ஏமாத்தறதில்லீங்களா?"

"நோயி நெசம், ஆஸ்பத்திரி சீட்டு நெசம், உங்க அழுகையும் நெசம். ஆளு மட்டுந்தான் வேற."

எடுத்த அன்று சாயங்காலமே வீடியோ போனுக்குப் போன் பறந்தது. துபாயிலிருந்து பணம் வந்தது. பம்பாய் லாரி டிரைவர்கள் சேர்ந்து அனுப்பினார்கள். முகம் தெரியாத ஒருத்தி தன் வளையலை விற்றுப் போட்டதாக எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

நாச்சிமுத்து வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், ஆளு தேறமாட்டாராட்ட இருக்குது. நாமளும் ஒரு நூறு ரூவா போட்டுடலாமா சௌந்திரம்?" என்றார்.

ஆபரேஷனுக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது. தேதியும் குறித்தாயிற்று. அப்போதுதான் சேலத்திலிருந்து அந்த போன் வந்தது.

"நான் கிட்னி டாக்டர் வெண்ணிலா பேசறேன். உங்க வீடியோ பாத்தேன். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்குதுன்னு சொல்றீங்க. முகமும் காலும் அப்படி வீங்கியிருக்கு, ஆனா ரெண்டு கையிலயும் ஊசி போட்ட தடமே காணோமே?"

சௌந்திரம் எதிரே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவைப் பார்த்தாள். இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று பட்டது.

"தப்புத்தானுங்கம்மா. எங்க ஊட்டுக்காரரு நோயாளி மாதிரி தெரியலீன்னு வேற ஆளைப் படுக்க வெச்சோமுங்க. பணம் போட்டவங்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தர்றேன். போலீசுக்கு மட்டும் போயிராதீங்க. படுத்திருந்தவரு மேலயும் தப்பில்லீங்க, அவரு கூலிக்கு நடிச்சவரு. அவருக்கு ஒரு சீக்கும் கெடையாதுங்க."

டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அப்போ அந்தப் படுத்திருந்தவருக்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கலையா?"