ஐந்தெழுத்து

"கம்ப்யூட்டர் மேல எழுதி ஒட்டினது நீதானா, பஷீர்?"

"நான்தான்க்கா. நல்லா இருக்கா?"

யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு, நல்லா இருக்காவாம்!

கெலுகோர் ஊரில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் மூன்று கணினிகள். எண்பத்தொன்பதிலிருந்து சேர்த்த எக்ஸ்ரே அத்தனையும் அவற்றுக்குள்தான். நேற்று யோகலட்சுமி லீவு. அவளுக்குப் பதிலாக வந்த மலாய்க்காரப் பெண் ரோஹானா, இரண்டாவது கணினியின் மேல் ஒட்டியிருந்த மலாய்ச் சொல்லைப் படித்தாள். 'அழி.' மேலிடத்து உத்தரவு போலும் என்று, அதில் இருந்ததை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

நல்ல வேளை, யோகலட்சுமி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கவில்லை. முதல் கணினியில் பாதி, இரண்டாவதில் மறுபாதி, மூன்றாவதில் இரண்டையும் கூட்டி வந்த விடை. விடையிலிருந்து முதல் பாதியைக் கழித்தால் அழிந்த பாதி வந்துவிடும். காலையிலிருந்து கணினி கழித்துக்கொண்டே இருந்தது. இப்போதுதான் கடைசி எக்ஸ்ரேயும் வந்து சேர்ந்தது. அவளுக்குப் போன உயிரும் வந்தது.

ஆனால் பஷீர் செய்த வேலை? புகார்க் கடிதம் அவள் கையில் தயாராக இருந்தது. இரண்டு வருஷம் தம்பி, தம்பி என்று கூப்பிட்ட வாய். அதனால்தான் நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிட நினைத்தாள்.

"இன்னும் ரெண்டு பாக்கிக்கா. சாப்பிட்டு வந்து அதுக்கும் ஒட்டிடறேன்" என்றான் பஷீர். கையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் இரண்டு. "உங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன்."

"என்ன திமிருடா உனக்கு! யாரு உன்னை எழுதச் சொன்னது?"

"நீங்கதான்!"

"நானா? மலாய்ல இப்படி எழுதுன்னு நானா சொன்னேன்?"

"மலாயா?" பஷீர் திருதிருவென்று விழித்தான். "'மலாய் ஸ்கூல்ல படிச்சவனே, ஒரு சொல்லாச்சும் தமிழ்ல எழுதுடா'ன்னு டெய்லி என்னை வாருறது யாரு? தமிழ் எழுத்துதான் எனக்கு வராதேலா! அதான் இங்கிலீஷ் எழுத்துல எழுதினேன். பி, ஏ, டி, ஏ, எம். உள்ள இருக்கிறது எக்ஸ்ரே படம்தானேக்கா?"

யோகலட்சுமி கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மலாயில் 'அழி' என்பதற்கும் அதே ஐந்தெழுத்துதான்.