நாலு பத்துக்கு வந்த போன்

இணையம் ஊர்ந்துகொண்டிருந்ததால், காசில்லாமல் கிடைத்த ஒரு கண்காணிப்பு மென்பொருளை அவள் தன் மடிக்கணினியில் ஏற்றினாள். வீட்டு வைஃபையில் எந்த போன் எப்போது இணைகிறது என்று அது காட்டும்.

மகள் கல்லூரியிலிருந்து ஐந்து மணிக்குத்தான் வருவாள். அவளுடைய போனோ மூன்று நாளாக நாலு பத்துக்கே இணைந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் கணினியோடு மகளின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நாலு பத்துக்கு மகளின் போன் திரையில் வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. தன் போனில் மகளை அழைத்தாள்.

"எங்கடி இருக்க? பஸ் ஏறிட்டியா?"

"அப்பவே வந்துட்டேம்மா. என் ரூம்ல, கட்டில்லதான் உட்கார்ந்திருக்கேன்." மகளின் குரல் தணிந்தது. "நீ எங்கம்மா போற? மூணு நாளா நான் வர்றப்போ வீட்டுல யாருமே இல்ல."