ஆளில்லாத சந்து

இரண்டு சக்கர செக்வே வண்டிகளில் நின்றபடி, கைடின் பின்னால் வரிசையாகப் பழைய நகரத்தின் சந்துக்குள் நுழைந்தார்கள்.

"கொள்ளைநோய்ல இந்தச் சந்துல ஒருத்தர்கூட மிஞ்சல. முந்நூறு வருஷமா ஆளில்ல. எல்லாக் கதவும் பூட்டியிருக்கு பாருங்க" என்றான் கைடு.

"அப்ப கொடியில யாரு துணி? செத்தவங்க துவைச்சுப் போட்டதா?" என்றார் வரிசையில் வந்த ஒரு தொப்பைக்காரர்.

"சும்மா வாங்க, மானத்த வாங்காம" என்றாள் அவர் மனைவி.

"தத்ரூபமா இருக்கட்டும்னு எங்க டூர் கம்பெனி கட்டினது சார்" என்றான் கைடு.

அப்போது கடைசி வீட்டு ஜன்னல் பலகையை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக, விட்டு விட்டு.

"எனக்குப் புல்லரிக்குது. இதுவும் கம்பெனி ஏற்பாடா?" என்றாள் மனைவி.

கைடு அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். "ஆமா மேடம். போலாமா?"

"இருப்பா, இன்னொரு தடவ தட்டச் சொல்லு. வீடியோ எடுக்கணும்" என்றார் தொப்பைக்காரர்.

எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். சத்தமே இல்லை.

"சப்புன்னு போச்சு" என்றார் தொப்பைக்காரர்.

கைடு உடம்பை முன்னால் சாய்த்தான். வண்டி நகர்ந்தது.

அவர்களைக் கோட்டை வாசலில் விட்டுவிட்டு, கைடு சந்துக்கு ஓடி வந்தான். சுற்றுலா நேரத்தில் வீடுகளை வெளியிலிருந்து பூட்டிவிட வேண்டும்; உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். கம்பெனியோடு சந்துக்காரர்கள் போட்ட ஒப்பந்தம் அது. மீறினால் வீடு போகும், அவன் வேலையும் போகும். அவன் அப்பா ஒரு நாளும் மீறியதில்லை.

கடைசி வீட்டைத் தன் சாவியால் திறந்தான். ஜன்னலடியில் அப்பா கிடந்தார். மூச்சில்லை. உடம்பில் மட்டும் சூடு இருந்தது.

வெளியே அடுத்த குழுவின் சக்கரச் சத்தம் கேட்டது. அவன் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.