லைட் எரியாத பெட்டி

"சார், பையன் எந்த மாதிரி கேம் விளையாடுவான்? அதைச் சொல்லுங்க, நானே பார்த்துப் போட்டுத் தரேன்."

கிராபிக்ஸ் கார்டு விலையைக் கேட்டவள் மகள். கடைக்காரர் பதில் சொன்னது அப்பாவிடம். கடைக்குள் நுழைந்ததிலிருந்து இதே கதைதான்.

"இங்க என்னைப் பார்த்துப் பேசுங்க," என்றாள் மகள். "ப்ராசஸர் நடுத்தரமா இருந்தா போதும். மிச்சமாகிறதை கார்டுல போடுங்க. ஆனா பவர் சப்ளையில கை வெக்காதீங்க. மட்டமா ஒண்ணை மாட்டினா, போறப்ப அது தனியா போகாது. மத்ததையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்."

கடைக்காரர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "பாப்பா படிச்ச பொண்ணா சார்?"

"எங்க பரம்பரையிலேயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு," என்றார் அப்பா. "அதனால வாய் கொஞ்சம் நீளம்."

இதே அப்பாதான் போன வருடம், "ராப்பகலா என்னடா விளையாட்டு?" என்று தம்பியின் கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் அடித்தவர். தம்பி அன்றே பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவன்தான். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று அவன் கூட்டாளி சொல்லித்தான் தெரியும். அப்பா எண்ணிலிருந்து கூப்பிட்டால் மணிகூட அடிக்காது. மகள் கூப்பிட்டால் எடுப்பான். அப்பா பேச்சை எடுத்தால் வைத்துவிடுவான்.

உடைத்ததும் இவரே, இப்போது வாங்க வந்திருப்பதும் இவரே. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரைக் காட்டினால் ஓடி வர, அவன் என்ன பால் கிண்ணத்தைக் கண்ட பூனையா?

"பெட்டி எது வேணும்? கண்ணாடிக் கதவு போட்டது இருக்கு. உள்ளே கலர் கலரா லைட் எரியும்."

"லைட் எரிஞ்சா கேம் வேகமா ஓடுமா? சும்மா தகரப் பெட்டி குடுங்க. காத்து போய் வந்தா போதும்."

அப்பா மெதுவாகக் கேட்டார். "அதுல மிச்சமாகிற காசுக்கு அந்த ஸ்டீயரிங் வருமா?"

மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன விளையாட்டு ஸ்டீயரிங் ஒன்று தொங்கியது.

"அப்பா! அவன் கீபோர்டுலயே கார் ஓட்டறவன். இதைத் தொட்டதுகூட இல்ல."

"இருக்கட்டும்மா. மைக் வெச்ச ஹெட்போனும் ஒண்ணு குடுங்க."

காலமெல்லாம் பஸ் ஓட்டிய கை. ஸ்டீயரிங்கை மடியில் வைத்ததும் பழக்கத்தில் பக்கவாட்டில் எதையோ தேடியது. "இதுல இண்டிகேட்டர் எங்க இருக்கு?"

கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேம்ல யார் சார் இண்டிகேட்டர் போடறாங்க? இடிச்சுத் தள்ளிட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான். வேணும்னா இந்தப் பட்டனை அதுக்கு வெச்சுக்கலாம்."

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, எல்லாவற்றையும் மகளே பூட்டினாள். டார்ச் பிடித்தது மட்டும் அப்பா. கடைசித் திருகையும் முடுக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

ஒரு சத்தமும் இல்லை.

"நான் சேர்ந்தாலே எதுவும் விளங்காது போல," என்றார் அப்பா. முகம் செத்துவிட்டது.

மகள் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் செருகினாள். மெமரியைக் கழற்றி மாட்டினாள். கார்டு போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தபோதுதான் பெட்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. பவர் சப்ளையின் குட்டி ஸ்விட்ச் போடாமலே இருந்தது.

"படிச்ச மண்டு," என்று தன்னையே திட்டிக்கொண்டு தட்டினாள். காற்றாடி சுற்றியது. இரண்டு பேருக்கும் போன மூச்சு திரும்பி வந்தது.

"சரி, அவன் கூட்டாளிகிட்ட சொல்லி விடுங்க. வரானா பார்க்கலாம்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார்.

"அவனுக்குன்னு யாரு சொன்னா? இது எனக்கு."

"உங்களுக்கா?"

"தினம் சாயங்காலம், பல பேர் ஆன்லைன்ல ஒண்ணா ஓட்டற ஒரு கார் கேம்லதான் சுத்திக்கிட்டு இருப்பானாம். எந்தத் தெரு, என்ன கார், எல்லாம் கூட்டாளிகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். போன்ல என்னை பிளாக் பண்ணிட்டான். ரோட்டுல பண்ண முடியாதில்ல? ஒண்ணும் பேச மாட்டேன். பின்னாலயே கொஞ்ச தூரம் போய்ட்டு வந்துடறேன்."

மகள் இன்னொரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். கேமை இறக்கினாள். அவர் சொன்னபடி 'புது டிரைவர்' என்று பேர் போட்டாள். மைக்கை அணைத்து வைத்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தில் தானும் காதை ஒட்டிக்கொண்டாள்.

திரையில் பெரிய நகரம். தம்பியின் நீலக் கார் முன்னால் பறந்தது. அதன் பின்னால் போன அப்பா, ஆளே இல்லாத சிவப்பு சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, இடித்து, கெக்கலித்துக்கொண்டு போனார்கள். பச்சை விழுந்ததும், இடிபட்ட வண்டியை ஓரங்கட்ட இடது இண்டிகேட்டரைப் போட்டார்.

தூரத்தில் நீலக் கார் நின்றது. பின்னோக்கி வந்து பக்கத்தில் ஒட்டி நின்றது. ஹெட்போனில் தம்பியின் குரல்:

"ஆளில்லாத ரோட்டுலயும் இண்டிகேட்டர் போடற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும். மைக்கை ஆன் பண்ணுங்கப்பா."