உடையாத எண்

“ஏழுல போகல. பதினொண்ணுல போகல. பதிமூணுலயும் போகல. பதினேழுல… ஆண்டவரே, பதினொண்ணு மிச்சம்!”

சவரிமுத்து தன் மாவு மில் மேஜையில் கோதுமை மாவைப் பரப்பி, விரலால் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பு, நான் கொண்டாந்தது கேப்பை. மாவுல சீயக்காய் வாடை அடிக்குது” என்று தூக்குவாளியை நீட்டினாள் சிவனம்மாள்.

“செத்த பொறுங்கக்கா. இன்னும் பத்தொம்பதைப் பாக்கல.”

“அந்த டீச்சரம்மாவால ஊருக்கே வவுத்து வலி வரப்போகுது!”

கணக்கு டீச்சர் ஜெயமேரியைப் பெண் கேட்டுப் போனவர்களில் சவரிமுத்து நாலாவது ஆள். வருகிறவருக்கு அவள் பத்தொன்பது இலக்கத்தில் ஒரு ராட்சத எண்ணைக் கொடுப்பாள். ஒன்றும் அதே எண்ணும் தவிர, மீதியில்லாமல் அதை வகுக்கிற வேறொரு எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்கிறவருக்குத்தான் கழுத்தை நீட்டுவாளாம். முதலில் வந்தவர் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்தார். அடுத்தவர் மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார். மூன்றாமவர் பாதிரியார் ஆகப்போகிறேன் என்று குருமடத்திலேயே சேர்ந்துவிட்டார் என்று மேட்டுப்பட்டி முழுக்கப் பேச்சு.

சவரிமுத்துவுக்கான எண்ணை அவளே வந்து, மில் கதவின் பின்புறம் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் ரேஷன் கோதுமையோடு வந்து நிற்பாள்.

“கிடைச்சுதா?”

“இன்னும் இல்லீங்க டீச்சர்.”

“இம்புட்டு நாளாவா? கொஞ்சம் கண்ணைத் தொறந்து பாருங்க!” என்று சிடுசிடுத்துவிட்டு, அரைத்த மாவைக்கூட வாங்காமல் போய்விடுவாள்.

கண்ணில்தான் கோளாறு என்று சவரிமுத்து மறுநாளே மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டான். எண் பெரிதாகத் தெரிந்தது. விடைதான் தெரியவில்லை.

மூன்று மாதம் ஓடிப்போனது. வாடிக்கைக்காரர்கள் பேகம்பூர் மில்லுக்குப் போய்விட்டார்கள். தூக்கத்திலும் அவன் வாய் வகுத்துக்கொண்டே இருந்தது. ஜெயமேரியின் அப்பாவுக்கோ பொறுமை போய்விட்டது. திருச்சி போலீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வருவதாகச் சேதி வந்தது.

சவரிமுத்து ஓடிக்கொண்டிருந்த மில்லைப் பாதியில் நிறுத்தினான். மாவு படிந்த சட்டையோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“மன்னிச்சிருங்க டீச்சர். தோத்துட்டேன். இந்த மில்லுக்காரனுக்கு உங்களைக் கட்டிக்கிற தகுதி இல்ல. இன்ஸ்பெக்டரையே கட்டிக்கிட்டு நல்லா இருங்க.”

அவள் முகம் வாடிப்போனது. “நெசமாவே எல்லாத்தையும் வகுத்துப் பாத்தீங்களா?”

“மாதா மேல சத்தியமா! ஏழுல ஆரம்பிச்சு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும் போயிட்டேன். ஒண்ணுலயும் போகல.”

“ஏழுல ஆரம்பிச்சீங்களா? ஏன்?”

“ரெண்டு, மூணு, அஞ்சு எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக வகுக்கிறதுல்ல? நீங்க எம்புட்டுப் படிச்சவுக! உங்க எண்ணுல போயி அதைப் போட்டுப் பாத்தா உங்களுக்கு மரியாதைக் குறைச்சல் இல்லையா?”

ஜெயமேரி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“அந்த மூணு பேரையும் எனக்குப் பிடிக்கல. அதனால எதாலயும் வகுக்க முடியாத எண்ணாத் தேடிப் பிடிச்சுக் கொடுத்தேன். உங்களுக்கு மட்டும்தான் அதையே ரெண்டால பெருக்கிக் கொடுத்தேன். கடைசி இலக்கமே ரெண்டுதான்யா, மனுசா!”